ஆங்கில இறந்தகால எச்சமும் தமிழ் மாணாக்கரும்

அயல் பாஷை ஒன்றைக் கற்பார் செய்யும் பிழைகள் இரு வகையின. கவனமின்மையால் நேர்வன ஒரு வகை. காரணம் பற்றி நேர்வன மற்றொரு வகை. முன்னையவற்றைக் கடிந்து திருத்தலாம். பின்னையவற்றைக் கடிதலால் பயன் இல்லை. காரணத்தைக் கண்டு காட்டினாலன்றி அவை நீங்கா. நம் மாணாக்கர் ஆங்கிலம் எழுதுங்கால் மிகுதியாக நகைக்கப்படும் பிழை ஒன்று இப்பின்னை வகையைச் சேர்ந்தது என்பதும், அதனைத் திருத்தும் மருந்து தமிழ் இலக்கணத்திலேயே உளது என்பதும் எமது துணிபு. அதனை ஈண்டு விளக்குவாம்.

அப்பிழை யாதெனில்: ‘அவன் போயிருக்கிறான்’ என்னும் பொருளில் ‘ஹீ ஹாஸ் கான்’ என்று எழுத வேண்டிய இடத்து ‘ஹீ ஹாஸ் வென்ட்’ என்று எழுதுவது, ‘கடிதம் எழுதப்பட்டது’ என்னும் பொருளில் ‘ரிட்டன்’ நிற்க வேண்டிய இடத்து ‘ரோட்’ என்பதை நிறுத்துவது. விடைத்தாளில் இதனைக் கண்ட ஆசிரியர் சிவப்பு மையால் சுழிக்கின்றார். வகுப்பில் வாய்தவறி வந்துவிட்டாலோ உடன் பயில்வோர் நகைக்கின்றனர். நகைப்புக்கு ஆளானவன் அன்று முதல் வாய் திறவான். கல்வராயன் மலையூர்களிலிருந்தும், திருநாவலூர், உளுந்தூர்ப்பேட்டைப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்தும் கல்லூரிக்கு வரும் மாணாக்கருள் பலர் தம் குடியிலே முதன்முதல் கல்லூரி வாயிலை மிதிப்பவர். அவருக்கு வீட்டில் ஆங்கிலம் பேசுவார் இல்லை. பிழை நேர்ந்தால் மெல்லத் திருத்துவாரும் இல்லை. ஒரு வினைச்சொல்லின் மூன்றாம் வடிவம் தெரியாமையால் ஒருவனுடைய மூன்றாண்டுப் படிப்பும் மௌனத்தில் கழியுமாயின், அந்நட்டம் இலக்கண நட்டம் மட்டுமன்று.

பிழையின் காரணத்தைக் காண்பதற்கு முன், ஆங்கில வினையின் இயல்பைச் சிறிது கூறுதல் வேண்டும். ஆங்கிலத்தில் வினைச்சொல்லுக்கு மூன்று தலைமை வடிவங்களைச் சொல்லுவர்: வினையின் பகுதி, இறந்தகால முற்று, இறந்தகால எச்சம். பெரும்பாலான வினைகளில் பின்னிரண்டும் ஒன்றே. ‘வாக்’ என்பது முற்றிலும் ‘வாக்ட்’, எச்சத்திலும் ‘வாக்ட்’. இவை நெறிப்பட்ட வினைகள். நெறிப்படாத வினைகளோ வேறு. ‘ரைட், ரோட், ரிட்டன்’ என்றும், ‘சிங், சாங், சங்’ என்றும், ‘கோ, வென்ட், கான்’ என்றும் அவற்றுட் பல மூன்று வடிவத்தும் மூன்றாய் நிற்கும். பழைய ஜெர்மானிய மொழிகளில் உயிரெழுத்தை மாற்றியே காலம் காட்டும் வழக்கு இருந்தது. அதன் எச்சமே இவற்றுட் பெரும்பாலன. ‘வென்ட்’ என்பதோ பிறப்பால் ‘கோ’ என்னும் வினையைச் சேர்ந்ததே அன்று. ‘வெண்ட்’ என்னும் வேறொரு வினையின் இறந்தகாலம் இங்கே குடிபுகுந்து நிலைத்துவிட்டது.

இனி, தமிழ் வினையைப் பார்மின். ‘வா’ என்னும் பகுதி இறந்தகாலத்தில் ‘வந்’ எனத் திரிந்தது. அத்திரிபு ஒரு முறை நிகழ்ந்தபின், ‘வந்தான்’ என்னும் முற்றிலும், ‘வந்த’ என்னும் பெயரெச்சத்திலும், ‘வந்து’ என்னும் வினையெச்சத்திலும் அதுவே நிற்கின்றது. ‘கண்டான், கண்ட, கண்டு’. ‘நின்றான், நின்ற, நின்று’. ‘கேட்டான், கேட்ட, கேட்டு’. இறந்தகால முற்றை அறிந்தவன் எச்சங்களையும் அறிந்தவனாகிறான். சிறுபான்மை ‘போனான், போன, போய்’ என்றாற்போல வேறுபடுவன உளவேனும், முற்றுக்கு ஓர் அடியும் எச்சத்துக்கு வேறோர் அடியும் என்பது தமிழில் பொதுநெறி அன்று.

ஆகவே தமிழ் மாணாக்கன் ஆங்கில வகுப்பில் அமருங்கால், இறந்தகாலத்துக்கு ஓர் அடியே உண்டு என்னும் துணிவோடு அமர்கின்றான். அவன் அறியாமலே தாய்மொழி அவனுக்கு அளித்த துணிவு அது. அவன் முதற்கண் பயிலும் நெறிப்பட்ட ஆங்கில வினைகளும் அதனையே உறுதி செய்கின்றன. தாய்மொழியும் கற்கும் மொழியும் ஆகிய இரு சாட்சிகள் ஒன்றையே சொல்லும்போது, அவன் ‘வென்ட்’ என்பதை அறிந்தவுடன் ‘ஹாஸ் வென்ட்’ என்று எழுதுவது மடமை ஆகுமோ? அது தருக்க நெறியே. முடிபு தவறாயிற்று, ஏனெனில் ஆங்கிலம் அவ்விடத்துத் தன் பொதுநெறியினின்று விலகி நிற்கின்றது.

இன்னொரு காரணமும் உண்டு. அது இதனினும் நுட்பமானது. ‘ரிட்டன்’ என்னும் ஓர் எச்சம் ஆங்கிலத்தில் மூன்று தொழில் செய்கின்றது. ‘எழுதியிருக்கிறான்’ என்னுமிடத்து அதுவே நிற்கும். ‘எழுதப்பட்டது’ என்னுமிடத்தும் அதுவே நிற்கும். ‘எழுதிய கடிதம்’ என்று பெயருக்கு அடையாகுமிடத்தும் அதுவே நிற்கும். தமிழிலோ முதலாவது ‘எழுதி’ என்னும் வினையெச்சம். இரண்டாவது ‘எழுத’ என்னும் செயவென் எச்சத்தோடு ‘படு’ என்னும் துணைவினை சேர்ந்தது. மூன்றாவது ‘எழுதிய’ என்னும் பெயரெச்சம். மூன்றிடத்தும் மூன்று வடிவங்கள். இவற்றுள் செயப்பாட்டுவினையில் இறந்தகால எச்சம் வருதலே இல்லை. தமிழ் ஒன்றாய்க் கொண்டதை ஆங்கிலம் பிரித்தது. தமிழ் பிரித்ததை ஆங்கிலம் ஒன்றாய்க் கொண்டது. இவ்விரு வழிகளும் குறுக்கிடும் சந்தியிலேதான் நம் மாணாக்கர் இடறுகின்றனர். இதனைக் கரும்பலகையில் ஒரு முறை வரைந்து காட்டும் ஆசிரியர் ஒரு மணி நேரத்தில் தெளிவிப்பதை, நகைத்து விடுவார் பத்தாண்டிலும் தெளிவியார்.

நெறிப்படாமை ஆங்கிலத்துக்கே உரிய குறை என்று சிலர் கருதுவர். அதுவும் பிழை. திருநாவலூரை எடுத்துக்கொள்வாம். சுந்தரமூர்த்தி நாயனார் பிறந்த ஊர் என்று தமிழகம் முழுதும் போற்றும் அவ்வூர், 2019ஆம் ஆண்டு முதல் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் அடங்கியுள்ளது. பத்தாம் நூற்றாண்டில் முதற் பராந்தக சோழன் மகன் இராசாதித்தன் திருமுனைப்பாடி நாட்டில் படையோடு தங்கியிருந்த காலத்து, இவ்வூர் அவன் பெயரால் இராசாதித்தபுரம் எனவும் வழங்கிற்று. தந்தையாகிய பராந்தகனை அக்காலக் கல்வெட்டுகள் ‘மதிரை கொண்ட’ கோப்பரகேசரி என்று சிறப்பிக்கும். மகனோ 949ஆம் ஆண்டு தக்கோலப் போரில் யானைமீதிருந்தே உயிர் துறந்தமையின் யானைமேல் ‘துஞ்சிய’ தேவன் எனப்பட்டான். தந்தையின் புகழும் மகனின் முடிவும் தனித்தனியே ஓர் இறந்தகாலப் பெயரெச்சத்தில் அடங்கி நிற்றல் காண்க.

அவ்விரு எச்சங்களையும் உற்று நோக்குமின். ‘துஞ்சு’ என்பது ‘துஞ்சிய’ என நேரே ஆயிற்று, பகுதி திரியவில்லை. ‘கொள்’ என்பதோ ‘கொண்ட’ எனத் திரிந்தது. ‘அள்ளு’ என்பது ‘அள்ளிய’ ஆதல் போல, ‘கொள்’ என்பதும் ‘கொள்ளிய’ ஆகாமை என்னை? தமிழைப் புதிதாகக் கற்கும் அயல்நாட்டார் ஒருவர் அவ்வாறு எழுதுவரேல் நாம் நகைப்போமா? ‘கேள்’ என்பது ‘கேட்ட’ ஆயிற்று. ‘ஆள்’ என்பது ‘ஆண்ட’ ஆயிற்று. லகர வீற்றில் இன்னும் விந்தை: ‘நில்’ என்பது ‘நின்ற’, ‘கல்’ என்பது ‘கற்ற’, ‘சொல்’ என்பது ‘சொன்ன’. ஒரே ஈறு, மூன்று வழி. ‘சா’ என்பது ‘செத்த’ என்றும், ‘வே’ என்பது ‘வெந்த’ என்றும், ‘புகு’ என்பது ‘புக்க’ என்றும் ஆவதை எந்தக் குழந்தையும் விதி கொண்டு கற்றதில்லை; செவி கொண்டே கற்றது.

பவணந்தியார் நன்னூலில் இறந்தகாலம் காட்டுவன த், ட், ற் என்னும் ஒற்றுகளும் ‘இன்’ என்பதும் என்று வகுத்தார். எப்பகுதி எதனை ஏற்கும் என்பதை அறிய அயலார்க்கு அது போதாது. 1706ஆம் ஆண்டு தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு ஐயர் தமிழ் கற்று, 1716ஆம் ஆண்டு லத்தீன் மொழியில் ஓர் தமிழிலக்கணம் வெளியிட்டார். 1855ஆம் ஆண்டு கிரவுல் என்னும் ஜெர்மானியப் பண்டிதர் தமிழ் வினைகளைத் திரிபு நோக்கி வகுப்புகளாகப் பிரித்தார். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகன் அத்தகைய வகுப்பு முறையையே கைக்கொண்டது. அதில் வினைகளுக்கு அருகே வகுப்பெண் இட்டிருப்பதை நூல்நிலையத்தில் எவரும் காணலாம். வகுப்புகளோ பத்துக்கு மேற்பட்டவை. நமக்கு மூச்சு விடுதல் போல் எளிதாயிருப்பது, வந்து கற்றவருக்கு எத்துணை உழைப்பாயிற்று என்பதற்கு அவ்வெண்களே சான்று. அவர்தம் உழைப்பை நாம் மதிக்கின்றோம். அதே உழைப்பை மறுதிசையில் மேற்கொள்ளும் நம் சிறுவனை மட்டும் நகைத்தல் நடுவுநிலைமை ஆகாது.

நிற்க. ‘கற்றவர் எவரும் செய்யாத பிழை ஆயிற்றே’ என்பார் உளரேல், அவர்க்கு ஆங்கில இலக்கண வரலாற்றையே விடையாகக் கூறுவாம். 1762ஆம் ஆண்டு ராபர்ட் லௌத் என்னும் சமயப் பெரியார் ஆங்கில இலக்கணச் சுருக்கம் ஒன்றை வெளியிட்டார். அதில், இறந்தகால முற்றை எச்சத்தின் இடத்தில் வைத்து எழுதும் வழக்கைக் கண்டித்து, அங்ஙனம் எழுதியோர் வரிசையில் மில்டன், போப் முதலிய பெருங்கவிகளையும் நிறுத்தினார். ஆகவே எந்தப் பிழைக்காக நம் மாணாக்கன் இன்று தலைகுனிகின்றானோ, அதே வழக்கு ஒரு காலத்தில் ஆங்கிலப் புலவர் ஏட்டிலும் இடம்பெற்றிருந்தது. பிற்காலத்து இலக்கண நூல்களும் பள்ளிக்கூடங்களும் அச்சகங்களும் சேர்ந்து இன்றைய நெறியை நிலைநாட்டின.

அந்நெறியும் என்றும் ஒரே நிலையில் நின்றதன்று. 1611ஆம் ஆண்டு வெளிவந்த வேதாகமத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பைப் படிப்போர் ‘ஹெல்ப்’ என்னும் வினைக்கு ‘ஹோல்ப்பன்’ என்னும் எச்சத்தை அங்கே காண்பர். இன்று அது வழக்கொழிந்து ‘ஹெல்ப்ட்’ ஆயிற்று. ‘கெட்’ என்னும் வினைக்குக் ‘காட்டன்’ என்னும் எச்சமும் அதில் உண்டு. இங்கிலாந்தில் அது பொதுவழக்கினின்று நீங்கிக் ‘காட்’ என்பதே நிலைபெற்றது; கடல் கடந்து அமெரிக்கா சென்றவர் நாவிலோ பழைய வடிவம் இன்றும் உயிரோடிருக்கின்றது. அமெரிக்கரது கொச்சை என்று பலர் எண்ணுவது உண்மையில் இங்கிலாந்தின் பழஞ்சொத்து. ‘ஃபர்காட்டன்’ என்னும் சொல்லில் அது இங்கிலாந்திலும் மறைந்து நிற்கின்றது. தமிழிலும் ‘சொன்ன’ என்பதும் ‘சொல்லிய’ என்பதும், ‘ஆன’ என்பதும் ‘ஆகிய’ என்பதும் ஒருங்கே வழங்குதல் இதற்கு ஒப்பாம்.

எவ்வினை நெறிக்கு வரும், எவ்வினை வாராது என்பதற்கும் காரணம் உண்டு. ஹார்வர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் சிலர் 2007ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரை ஒன்றில், பழைய ஆங்கிலத்தில் நெறிப்படாதிருந்த 177 வினைகளை எடுத்து ஆராய்ந்தனர். இடைக்கால ஆங்கிலத்தில் அவற்றுள் 145 நெறிப்படாமலே நின்றன. இன்றைய ஆங்கிலத்தில் 98 எஞ்சியுள்ளன. அடிக்கடி வழங்கும் வினை திரிபைக் காத்துக்கொள்ளும். அருகி வழங்குவது விரைவில் பொதுநெறிக்கு வந்துவிடும். ஒரு வினை நூறு மடங்கு அருகி வழங்கினால், பத்து மடங்கு விரைவாக நெறிப்படும் என்பது அவர் கண்ட கணக்கு. நாடோறும் மிதிபடும் ஒற்றையடிப்பாதை புல் மூடாதிருத்தல் போன்றது இது. வருதல், போதல், உண்ணல், காணல், கொடுத்தல் ஆகிய அன்றாடச் செயல்களைக் குறிக்கும் வினைகளே இரு பாஷைகளிலும் பெரிதும் திரிந்து நிற்றல் இதனால் விளங்கும்.

இங்ஙனம் கூறியதால், ‘எப்படி எழுதினால் என்ன? பொருள் விளங்கினால் போதும்’ என்னும் கட்சியை யாம் தழுவுகின்றோம் என்று யாரும் கொள்ளற்க. அக்கட்சி நம் மாணாக்கருக்கு நன்மை செய்வதன்று. பொருள் விளங்கினால் போதும் என்று சொல்லுகிறவர் பெரும்பாலும் தாம் சரியாக எழுதக் கற்றவரே. பரீட்சைத்தாளைத் திருத்துவாரும், உத்தியோக விண்ணப்பத்தைப் படிப்பாரும், நீதிமன்றத்தில் ஆவணத்தை ஆராய்வாரும் அத்தாராள மனத்தோடு படிப்பதில்லை. ‘ஹாஸ் வென்ட்’ என்னும் இரு சொற்கள் ஒருவனுடைய பத்து நற்குணங்களை மறைத்துவிடும். அங்ஙனம் மறைப்பது உலகின் குற்றமே. எனினும் அக்குற்றத்துக்கு நம் பிள்ளைகளைப் பலியாக்குதல் அறம் அன்று. திருத்தமாக எழுதும் உரிமை செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் உரிய ஆஸ்தி ஆகிவிடக் கூடாது. ஆதலின் பிழை பொறுக்கத்தக்கது என்பது எம் கட்சி அன்று. பிழைசெய்தாரைப் பொறுத்துப் பிழையைத் திருத்துக என்பதே எம் கட்சி.

திருத்துமாறு எங்ஙனம்? அகரவரிசையில் நூற்றுக்கணக்கான வினைகளை அட்டவணையாக்கி நெட்டுருச் செய்வித்தல் இன்றும் பல இடங்களில் காணும் வழக்கம். அகரவரிசை அகராதிக்கு ஏற்றது, செவிக்கு ஏற்றதன்று. ஓசை பற்றி இனம் பிரித்தலே தக்கது. ‘சிங், சாங், சங்’ என்பதனோடு ‘ரிங், டிரிங்க், சிங்க், ஸ்விம், பிகின்’ என்பன ஓர் இனம். ‘ரைட், ரோட், ரிட்டன்’ என்பதனோடு ‘ரைட்’ என்றே ஒலிக்கும் சவாரி வினையும், ‘டிரைவ், ரைஸ்’ என்பனவும் ஓர் இனம். ‘ஸ்பீக், ஸ்போக், ஸ்போக்கன்’ என்பதனோடு ‘பிரேக், ஸ்டீல், ஃப்ரீஸ், சூஸ்’ என்பன ஓர் இனம். ‘நோ, நியூ, நோன்’ என்பதனோடு ‘குரோ, புளோ, த்ரோ’ என்பன ஓர் இனம். இவ்வாறு அடுக்கிப் பாடம் சொன்னால், வாய்பாடு சொல்லிப் பழகிய நம் சிறார் நாவில் அது தானே தங்கும்.

மேலும், நெறிப்படா வினைகள் யாவும் நம்மை இடறுவன அல்ல. ‘பிரிங், தின்க், டீச், பை’ முதலியவற்றில் முற்றும் எச்சமும் ஒன்றே. ‘கட், புட், ஹிட்’ என்பவற்றில் மூன்றும் ஒன்றே. ‘கம்’ என்பதில் எச்சம் பகுதியின் வடிவத்துக்கே மீளுகின்றது. இவற்றைப் பிரித்து ஒதுக்கியபின், முற்று வேறு எச்சம் வேறாக நிற்பனவற்றுள் நாடோறும் வேண்டுவன சில பத்தே. ஒரு நாளைக்கு மூன்றாக ஒரு மாதத்தில் முடிக்கத்தக்க பாடம் அது. மலைபோல் தோன்றியது மண்மேடு ஆகிவிடும்.

தமிழிலக்கண அறிவு நேரே துணைசெய்யும் இடங்களும் உண்டு. ‘லை’ என்னும் வினையையும் ‘லே’ என்னும் வினையையும் ஆங்கிலேயரே மயங்கி வழங்குவர். ‘லை’ என்பதன் இறந்தகாலம் ‘லே’ என்றே ஒலித்தல் மயக்கத்தை மிகுவிக்கும். நம் மாணாக்கனுக்கோ முன்னது ‘கிட’, பின்னது ‘கிடத்து’ என்று ஒரு சொல் சொன்னால் போதும். தன்வினை, பிறவினை என்னும் பாகுபாட்டை அவன் சிறு வகுப்பிலேயே பயின்றிருக்கிறான். ‘கிடந்த’ என்னுமிடத்து ‘லேன்’. ‘கிடத்திய’ என்னுமிடத்து ‘லேட்’. இவ்விளக்கம் ஆங்கிலச் சிறுவனுக்குக் கிடைப்பதரிது; தமிழ்ச் சிறுவனுக்கு வீட்டுச் சொத்து. அச்சொத்தைப் பயன்படுத்தாமல் பூட்டி வைத்துவிட்டு, அவனை வறியவன் என்று கூறுதல் எவ்வளவு விபரீதம்!

ஆகவே, ஆசிரியப் பெருமக்களுக்கு எம் வேண்டுகோள்: ஆங்கில வகுப்பின் வாயிலில் தமிழை நிறுத்தி வைக்க வேண்டா, உள்ளே அழைத்து அமரச் செய்மின். ஒரு முற்றையும் ஓர் எச்சத்தையும் இரு மொழியிலும் அருகருகே எழுதிக் காட்டுமின். பழைய மாணாக்கர் சங்கத்து அன்பர்களுக்கு எம் வேண்டுகோள்: ஊருக்குச் செல்லும்போது உறவினர் பிள்ளைகளைப் பக்கத்தில் இருத்தி ஓர் ஆங்கில நூலை உரக்கப் படிப்பித்துக் கேண்மின், செவியில் விழாத எச்சம் எழுத்தில் வாராது. மாணாக்கருக்கு எம் வேண்டுகோள் சிறிது: தோழன் தவறினால் நகையாமல் சரியான வடிவத்தைச் சொல்லிக்கொடுமின், நீவிர் தவறினால் வாய் மூடாதீர், அச்சொல்லையே சரியான வடிவத்தில் மூன்று முறை வழங்குமின். ‘நின்ற’, ‘கற்ற’, ‘சொன்ன’ என்னும் மூன்றையும் எவரும் விதி சொல்லாமலே பிழையறக் கற்ற நா உம்முடையது. ‘கான்’ என்பதும் ‘ரிட்டன்’ என்பதும் அந்நாவுக்கு அரியன ஆகமாட்டா.